ஒரே அளவில் நாற்பது டப்பா

1. ‘ஆப் கர் லோ நா’

நான் கணக்கு டீச்சர். மும்பை தாராவியில் ஒரு டிரஸ்ட் நடத்தும் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் இருபத்தாறு வருஷம் அல்ஜீப்ரா சொல்லிக்கொடுத்தேன். சமன்பாட்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சமமாக வந்தால் சரி, வராவிட்டால் தப்பு. இதில் குழப்பத்துக்கே இடமில்லை, அதனால்தான் எனக்கு அந்தப் பாடம் பிடித்திருந்தது. ரிட்டயர் ஆக மூன்று வருஷம் இருக்கும்போது பிரின்சிபால் கூப்பிட்டு அனுப்பினார்.

“லலிதா, ஏக் நயா சப்ஜெக்ட் ஆயா ஹை, நைந்த் கே லியே. ஆப் கர் லோ நா.”

ஒன்பதாம் வகுப்புக்குப் புதுப் பாடம், நீங்களே எடுத்துக்கொள்ளுங்களேன் என்கிறார். அவர் ‘கர் லோ நா’ என்று கொஞ்சலாகச் சொன்னால் வேறு எந்த டீச்சரும் ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். ஃபைலை வாங்கிப் பார்த்தேன். சோஷியல் ஆன்ட்ரப்ரனர்ஷிப் என்று போட்டிருந்தது. மூன்று தரம் படித்தேன், ஒன்றும் விளங்கவில்லை. அப்படியென்றால் என்ன மேடம் என்று கேட்டேன். டிரெய்னிங்கில் சொல்வார்கள் என்றார். அவருக்கும் தெரியாது என்பது முகத்திலேயே தெரிந்தது.

செம்பூரில் ஒரு ஹாலில் இரண்டு நாள் டிரெய்னிங். என் மகன் வயசுப் பையன் ஒருவன் நடந்துகொண்டே பேசினான். எங்கள் கையில் மஞ்சள் சீட்டுகளைக் கொடுத்து, எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னான். ப்ராப்ளம் ஸ்டேட்மென்ட், பெனிஃபிஷியரி, ஸ்கேல், இம்பாக்ட் என்று வார்த்தைகள் வந்துகொண்டே இருந்தன. லாபம் வரவேண்டும், ஆனால் லாபத்துக்காக நடத்தக் கூடாது என்றான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் நான் எழுந்து, “சார், அப்போ இது வியாபாரமா, தர்மமா?” என்று கேட்டேன்.

“வாவ் மேம், பியூட்டிஃபுல் கொஸ்டின்!” என்றான். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டான்.

சாயந்திரம் மாட்டுங்காவில் வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், “சேவையும் பண்ணணும், வரும்படியும் வரணும்னா அது ரயில்வேதானே? இதுக்கு எதுக்கு ரெண்டு நாள் டிரெய்னிங்?” என்றார். அவரிடம் போய்ச் சொன்னேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

2. ப்ராப்ளம் இல்லாத ஏரியா

ஒன்பதாம் வகுப்பு. பிள்ளைகள் அதற்குள் ‘எஸ்.ஈ. பீரியட்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். டிரெய்னிங்கில் கொடுத்த கைடில் இருந்தபடி போர்டில் எழுதினேன்: உங்கள் ஏரியாவில் என்ன ப்ராப்ளம்?

பிள்ளைகள் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார்கள். கடைசியில் இசக்கிராஜ் எழுந்தான். அவன் அப்பாவுக்குப் பை தைக்கும் பட்டறை, இங்கே சொல்கிறபடி கார்கானா, இருக்கிறது, பையன் சரியான வாயாடி.

“எங்க ஏரியாவுல ப்ராப்ளம் ஒண்ணும் இல்ல மிஸ்.”

“ஏண்டா, தண்ணி? டாய்லெட் லைன்?”

“அதெல்லாம் எல்லாரும் வந்து கேட்டுட்டுப் போயிட்டாங்க மிஸ். காலேஜ் அக்காங்க வந்தாங்க, ஃபாரின்லேருந்து ரெண்டு பேர் வந்து எங்க மாடிப்படியையே போட்டோ எடுத்தாங்க. அதுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி போர் அடிக்குது. வேற ஏதாவது கேளுங்க.”

வகுப்பே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது, ஆனால் அவன் சொன்னதில் என்ன தப்பு? மாட்டுங்காவுக்கு யாராவது வந்து உங்கள் ப்ராப்ளம் என்ன என்று என்னைக் கேட்டால் கதவைச் சாத்தியிருப்பேன். இப்படியே மூன்று வாரம் போனது. ப்ராப்ளம் ஸ்டேட்மென்ட்டை மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும், என் கையில் ஒரு ப்ராப்ளமும் இல்லை. எனக்கு இதுவே பெரிய ப்ராப்ளமாகிவிட்டது.

ரம்ஜான் நெருங்கியபோது அதே இசக்கிராஜ்தான் வழி காட்டினான்.

“மிஸ், எங்க கார்கானாவுல பாதிப் பேர் நோன்பு பிடிப்பாங்க. சாயங்காலம் கஞ்சி வாங்க ஆள் போனா ஒரு மணி நேரம் திரும்ப மாட்டாங்க. எங்கப்பா தினம் கத்துவார். இது ப்ராப்ளமா மிஸ்?”

நான் அவனைக் கட்டிக்கொள்ளாத குறை.

விஷயம் இதுதான். எங்கள் பள்ளிக்கு இரண்டு கல்லி, அதாவது இரண்டு சந்து, தள்ளி ஒரு பள்ளிவாசல். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள் அதிகம் வருவது. ரம்ஜான் மாதம் முழுக்க அங்கே நோன்புக் கஞ்சி காய்ச்சி, சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் எல்லாருக்கும் ஊற்றுவார்கள். பின்பக்கத்துச் சந்தில் சுவரோரமாக வீட்டுத் தூக்குவாளிகள் வரிசையாக நிற்கும். வீட்டுக்காரர்கள் வாளியை வைத்துவிட்டு அங்கே இங்கே நிற்பார்கள், அண்டா இறங்கியதும் சுல்தான் பாய் என்பவர் அகப்பையால் வரிசையாக ஊற்றிக்கொண்டே வருவார். நிரம்பிய வாளியை எடுத்துக்கொண்டு போகவேண்டியதுதான். ஆனால் காத்திருக்க வேண்டும்.

பிள்ளைகள் மூன்று கல்லிகளின் வீடுகள், கார்கானாக்களிலிருந்து வாளிகளை வாங்கி வந்து, கஞ்சி ஊற்றியதும் திரும்பக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று திட்டம். கஞ்சிக்கோ கொண்டுபோய்க் கொடுப்பதற்கோ காசு கேட்பதில்லை என்பதில் எல்லாரும் உறுதியாக இருந்தார்கள். அப்படியானால் வரும்படி எங்கே என்று கைடு கேட்டது. அதற்கு இன்றுவரை நான் பதில் எழுதவில்லை, அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டு விட்டுவிட்டேன்.

லிஸ்ட் எழுதும் வேலையை பௌசியாவிடம் கொடுத்தேன். நடு பெஞ்சில் உட்காரும் பெண். அதிகம் பேசமாட்டாள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவள் வீடும் அந்த மூன்று கல்லிகளில் ஒன்றில்தான். பையன்கள் பள்ளிவாசலுக்குப் போய் வாங்கி வருவது, பெண்கள் வீடு வீடாகக் கொடுப்பது என்று பிரித்துக்கொண்டார்கள்.

3. என் மூளை வேலை செய்தது

முதல் இரண்டு நாள் தூக்குவாளிகளோடு பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஒன்று குண்டு, ஒன்று ஒல்லி, ஒன்றுக்கு மூடி இல்லை. தள்ளுவண்டியில் வைத்தால் ஒன்றோடொன்று முட்டிச் சாய்ந்தது. தொண்ணூறு அடி ரோட்டைத் தாண்டுவதற்குள் வண்டி முழுக்கக் கஞ்சி. இசக்கிராஜின் பேன்ட் நனைந்துபோய் அவன் அம்மா பள்ளிக்கே வந்துவிட்டாள்.

அப்போது என் மூளை வேலை செய்தது. இதை அழுத்திச் சொல்கிறேன், யோசனை என்னுடையது, பிள்ளைகளுடையதல்ல. எல்லாம் ஒரே அளவில் நாற்பது பிளாஸ்டிக் டப்பா, திருகு மூடியோடு. ஒன்றின் மேல் ஒன்று அடுக்கலாம், சிந்தாது. பிரின்சிபாலிடம் சொல்லி வாங்கவைத்தேன். பிள்ளைகள் ஸ்டிக்கர் வரைந்து ஒட்டினார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு டப்பா, யாருக்கும் ஏற்றத்தாழ்வு இல்லை. ஸ்டாண்டர்டைசேஷன்! டிரெய்னிங்கில் அந்தப் பையன் சொன்னதில் எனக்குப் புரிந்த ஒரே வார்த்தை அதுதான்.

சுல்தான் பாய் டப்பாக்களைப் பார்த்துவிட்டு அகப்பையோடு நின்றுவிட்டார். அறுபது வயசு இருக்கும், பகலெல்லாம் தையல் மெஷின் ரிப்பேர் செய்பவர்.

“டீச்சரம்மா, எல்லாம் ஒண்ணு போல இருக்கே. எது யாரு வீட்டுதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?”

“யார் வீட்டுதா இருந்தா என்ன பாய்? எல்லாத்துலயும் ஒரே அளவு ஊத்துங்கோ. லிஸ்ட் எங்ககிட்ட இருக்கு.”

“இல்ல, தூக்கு வந்தா...”

“சிந்தறது பாய். பாவம், குழந்தைகளால முடியலை.”

தாடியைச் சொறிந்துகொண்டார். “சரி. நீங்க படிச்சவிய, சொல்லுதிய” என்று ஊற்ற ஆரம்பித்தார். பெரியவர் பழக்கத்தை விடமாட்டேன் என்கிறார் என்று எனக்குள் ஒரு சின்ன எரிச்சல். புதுசாக எது வந்தாலும் இப்படித்தான் என்று பஸ்ஸில் பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மாளிடம் சொல்லிக்கொண்டே போனேன்.

டப்பா வந்த பிறகு வேலை கச்சிதமாக நடந்தது. அரை மணியில் நாற்பது இடத்துக்கும் கஞ்சி போய்ச் சேர்ந்தது. இசக்கிராஜின் அப்பா கத்துவதை நிறுத்தினார். டிரஸ்ட்காரர்கள் வந்து போட்டோ எடுத்தார்கள். விக்ரோலியில் பல பள்ளிகள் கலந்துகொள்ளும் ஷோகேஸுக்கு எங்கள் டீமைத் தேர்ந்தெடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கும்தான். ஸ்டாஃப் ரூமில் நடை கொஞ்சம் மாறியிருந்தது என்று பின்னால் ஒரு டீச்சர் சொன்னார்.

4. வராத தூக்கு

ஷோகேஸுக்கு ஒரு வீடியோ வேண்டும் என்றார்கள். கஞ்சி ஊற்றுகிற இடத்தைப் படம் பிடிக்க ஒரு சாயந்திரம் பௌசியாவைக் கூட்டிக்கொண்டு பின்பக்கத்துச் சந்துக்குப் போனேன். போனில் படம் எடுக்க அவளுக்கு நன்றாக வரும். ப்ராஜெக்ட் ஆரம்பித்ததிலிருந்து அவள் அந்தப் பக்கம் வந்ததில்லை. பையன்கள் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சுல்தான் பாய் அவளைப் பார்த்ததும் அகப்பையை அப்படியே வைத்துவிட்டார்.

“ஏட்டி பௌசியா, நீங்க ஊருக்குப் போவலியா?”

“இல்ல மாமா.”

“பொறவு ஒங்க வீட்டுத் தூக்கு பத்து நாளா வரலியே? உம்மா பிள்ளைவளக் கூட்டிக்கிட்டு மேலப்பாளையம் போயிட்டாவன்னுல்லா நெனச்சேன்.”

“டப்பாவுல வருது மாமா.”

அவர் டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இந்த டப்பாவுலயா?”

பௌசியா போனைக் கீழே இறக்கிக்கொண்டு தள்ளிப் போய் நின்றாள். அவர் என் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“டீச்சரம்மா, தப்பா எடுக்கப்படாது. அந்த வீட்ல அஞ்சு பேரு. அவ வாப்பா மவுத்தாகி ரெண்டு வருசமாவுது. அவிய தூக்குல ஒரு நெளிசல் இருக்கும், பிடியில நீலத் துணி சுத்தியிருக்கும். அது வரிசையில வந்துட்டுன்னா நான் நிமிந்துகூடப் பாக்க மாட்டேன், கழுத்து முட்ட ஊத்திருவேன். நோன்பு தொறக்கவும் அதான், ராத்திரிக்கும் அதான், விடியக்கால சஹருக்கும் அதான். அவிய என்ட்ட கேட்டதும் இல்ல, நான் ஒருத்தர்ட்ட சொன்னதும் இல்ல. இன்னைக்கு ஒங்கள்ட்டதான் சொல்லுதேன்.”

“இந்த மாதிரி எத்தனை வீடு பாய்?” என்று கேட்டேன்.

“எதுக்கு?”

“லிஸ்ட்ல கொஞ்சம்...”

“லிஸ்ட்ல எழுதுததுக்கா?” என்றார். கோபமில்லை. ஆனால் அதற்கு மேல் என்னிடம் பேசாமல் அண்டாவுக்குப் போய்விட்டார்.

திரும்பி நடக்கும்போது பௌசியாவிடம் கேட்டேன். “ஏண்டி, லிஸ்ட் எழுதறது நீதானே? உங்க வீட்டுக்கு மூணு டப்பான்னு எழுதியிருக்கலாமே?”

“வீட்டுக்கு ஒண்ணுன்னு நீங்கதான மிஸ் சொன்னீங்க? லிஸ்ட் எழுதுற நானே என் வீட்டுக்கு மூணு போட்டுக்கிட்டா நல்லாவா இருக்கும்?”

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?”

அவள் நடந்துகொண்டே இருந்தாள். ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பேர் என்று ஒரு ஃபார்மில் எழுதி வாங்கிவிடலாமா என்றேன். அப்போதும் என் புத்தி ஃபார்மை விட்டு வெளியே வரவில்லை, பாருங்கள். அவள் நின்றுவிட்டாள்.

“ஃபார்ம்னா எங்க உம்மா கஞ்சியே வேணாம்னு சொல்லிரும் மிஸ்.”

பத்து நாள் அந்தப் பெண் தன் கையாலேயே ஒரு டப்பாவைத் தன் வீட்டில் கொடுத்துவிட்டு, மறுநாள் காலையில் என் மேஜைக்கு வந்து லிஸ்ட்டைக் காட்டியிருக்கிறாள். நான் ‘வெரி குட்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பத்து ‘வெரி குட்’. பஸ்ஸில் ஏறியவள் அழுதுவிட்டேன்.

5. இரண்டு பக்கமும் திட்டு

மறுநாள் வகுப்பில் அறிவித்தேன். “நாளையிலேருந்து டப்பா வேண்டாம். பழையபடி அவாவா வீட்டு வாளிதான்.”

ஒரே கூச்சல். இசக்கிராஜ் பெஞ்சு மேலேயே ஏறிவிட்டான். “க்யா மிஸ்! ஷோகேஸுக்கு ஆறு நாள்தான் இருக்கு. ஏன் மிஸ்?”

உண்மையைச் சொல்ல முடியாது. சொன்னால் பௌசியா நாற்பது பிள்ளைகள் நடுவில் எப்படி உட்காருவாள்? பொய் சொன்னேன். “சூடான கஞ்சிக்கு பிளாஸ்டிக் நல்லதில்லைடா.”

“அவ்வளவுதானா? அப்போ ஸ்டீல் டப்பா வாங்குவோம் மிஸ்! ஒரே சைஸ்ல கிடைக்குது, சயான்ல பார்த்தேன்.”

ப்ராப்ளத்துக்குத் தீர்வு கண்டுபிடி என்று நான்தானே அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு நொடியில் கண்டுபிடித்துவிட்டான். “நான் சொல்றதைச் செய்” என்றேன். இருபத்தாறு வருஷத்தில் பதில் தெரியாதபோதெல்லாம் சொன்ன அதே வாக்கியம். அவன் எனக்குக் குட்மார்னிங் சொல்வதை நிறுத்தினான். ஆனாலும் வேலையை விடவில்லை. அப்பாவின் கார்கானாவிலிருந்து ஒரு கம்பியை எடுத்து வந்து, வண்டியின் குறுக்கே கட்டி, வாளிகளைத் தொங்கவிடக் கொக்கி மாட்டினான். சிந்துவது பெருமளவு குறைந்தது. இதை முதல் நாளே செய்திருக்கலாம். நான்தான் டப்பா டப்பா என்று குதித்தேன்.

சரி, பௌசியாவாவது நிம்மதியாக இருப்பாள் என்று நினைத்தேன். அறிவித்த அன்றே மத்தியானம் பள்ளி விட்டதும் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“ஏன் மிஸ் மாத்துனீங்க? நான் ஒங்கள்ட்ட கேட்டேனா?”

“உங்க வீட்டுக்குக் குறையறதேடி.”

“குறைஞ்சா குறையட்டும். அந்தத் தூக்கு நிறைஞ்சு வந்தா கல்லிக்கே தெரியும் மிஸ். எங்க வீட்டுக்கு மட்டும் கழுத்து வரைக்கும் ஊத்துறாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க, ஆனா தெரியும். இந்தப் பத்து நாள் எங்களுக்கும் எல்லாரு மாதிரி ஒரே டப்பா வந்துச்சு. ஸ்டிக்கர் ஒட்டி. எனக்குப் பிடிச்சிருந்துச்சு.”

சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். டப்பா கொடுத்தால் வயிற்றுக்குத் தப்பு. வாளி கொடுத்தால் மனசுக்குத் தப்பு. எந்தப் பக்கம் கூட்டினாலும் சமமாக வரவில்லை. இந்தக் கணக்கை எந்த டிரெய்னிங்கில் சொல்லித்தருவார்கள்?

அவள் உம்மாவிடமே கேட்டுவிடுவது என்று மறுநாள் சாயந்திரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை. பௌசியாவின் உம்மா மைமூன் பைகளுக்கு ஜிப் தைத்துக்கொண்டிருந்தாள். பௌசியா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். யோசனை என்னுடையது, தெரியாமல் செய்துவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்றேன். கடைசியில், “நீங்களே சொல்லுங்கோம்மா, நான் என்ன பண்ணட்டும்? டப்பாவா, வாளியா?” என்று கேட்டேன்.

அவள் மெஷினை நிறுத்தினாள்.

“டீச்சர், அவளுக்கு வெக்கம். எனக்குப் பிள்ளைவ பசி. ரெண்டும் என் வீட்டுக்குள்ளதான இருக்கு? நான் பாத்துக்கிடுதேன். நீங்க எதுக்கு நடுவுல வந்து நிக்கிய?”

கிளம்பத் திரும்பினேன்.

“எங்க போறிய? பாங்கு சொல்லப் போறாவ. உக்காருங்க, நோன்பு தொறந்துட்டுப் போலாம். இன்னைக்குக் கஞ்சில கறி போடல, பயப்படாதிய.”

உட்கார்ந்தேன். நீலத் துணி சுற்றிய தூக்கிலிருந்து எனக்கு ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தாள். அது எந்தப் பிள்ளையின் பங்கு என்று நினைத்துக்கொண்டே குடித்தேன். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டுமா, வாங்கிக்கொண்டது சரியா? அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. கஞ்சி நன்றாக இருந்தது.

6. விக்ரோலி

ஷோகேஸ் ஒரு பெரிய ஆபீஸ் கட்டடத்தில். ஏ.சி. குளிரில் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். மற்ற பள்ளிகள் ஆப், வெப்சைட் என்று கொண்டுவந்திருந்தன. எங்களிடம் கேட்ட வீடியோகூட இல்லை, இரண்டு சார்ட்டும் ஒரு கொக்கிக் கம்பியும்தான். இசக்கிராஜ் பேசுவது, பௌசியா சார்ட் திருப்புவது என்று ஏற்பாடு. அவள் வருவாளா என்றே எனக்குச் சந்தேகம், ஆனால் வந்திருந்தாள். என்னோடு பேசவில்லை.

இசக்கிராஜ் நன்றாகவே பேசினான். முடித்ததும் நீலச் சட்டை போட்ட நடுவர் ஒருவர் ஆங்கிலத்தில் கேட்டார். “ஒரே அளவு டப்பா வைத்திருந்தீர்கள், வேகமாக நடந்தது. பிறகு ஏன் பழைய வாளிகளுக்கே திரும்பினீர்கள்? இது பின்னால் போவது இல்லையா?”

இசக்கிராஜ் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்தால்தானே சொல்வான்? என் பிளாஸ்டிக் பொய்யோடு நான் எழுந்தேன். அதற்குள் மைக் பௌசியா கைக்குப் போயிருந்தது.

“சார், இன் பாக்ஸ், மை ஹவுஸ் காட் லெஸ். வி ஆர் ஃபைவ் பீப்பிள்.”

அவளுடைய இங்கிலீஷ் அதோடு முடிந்தது. மீதியை ஹிந்தியில் சொன்னாள். சுல்தான் மாமாவுக்கு வாளியைப் பார்த்தால் வீடு தெரியும், எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று தெரியும், யாரும் வாயைத் திறந்து கேட்க வேண்டியதில்லை, டப்பாவைப் பார்த்தால் அவருக்கு ஒன்றும் தெரியாது. அவ்வளவுதான். சொல்லி முடித்துவிட்டு சார்ட்டை ஒழுங்காகச் சுருட்டினாள்.

கைதட்டல் என்றால் அப்படியொரு கைதட்டல். நடுவர்களில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீலச் சட்டைக்காரர் ‘வெரி பவர்ஃபுல்’ என்று சொல்லி ஏதோ எழுதினார். சாயந்திரம் எங்களுக்கு ‘பெஸ்ட் ஸ்டோரி’ என்று ஒரு சர்டிபிகேட் கொடுத்தார்கள். ப்ராஜெக்டுக்குப் பரிசு வேறு பள்ளிக்குப் போனது.

திரும்பி வரும்போது ஸ்லோ லோக்கலில் உட்கார இடம் கிடைத்தது. காட்கோபர் தாண்டியதும் இசக்கிராஜ் என் பக்கம் திரும்பினான்.

“டப்பாவ எடுத்தது அதுக்குத்தானா மிஸ்?”

தலையாட்டினேன்.

“எங்கள்ட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லக் கூடாது” என்றாள் பௌசியா, அவனைப் பார்க்காமலேயே. அவன் பையில் இருந்த சர்டிபிகேட்டை எடுத்து அவள் மடியில் வைத்தான். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குர்லா வந்தது, கூட்டம் ஏறியது. அந்த இரைச்சலில் என்னைக் கேட்டாள்.

“மிஸ், எங்க வீட்ல கஞ்சி குறைஞ்சுதுன்னுதான சொன்னேன்? அதுக்கு எதுக்குக் கைதட்டுனாங்க?”

“தெரியலைடி” என்றேன். அந்த டிரெய்னிங் பையன் மாதிரி ‘நல்ல கேள்வி’ என்று சொல்லாமல் இருந்தேனே, அதுவரை சரி.

நான் ரிட்டயர் ஆகிவிட்டேன். அந்தப் பீரியடை இப்போது ஒரு சின்னப் பெண் எடுக்கிறாள். என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று போனில் கேட்கிறாள். இந்தப் பாடம் வியாபாரமா தர்மமா என்பதே எனக்கு இன்னும் பிடிபடவில்லை, ஆகையால் பெரிதாக ஒன்றும் சொல்வதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒரு இடத்தில் ஒரு பழக்கத்தை மாற்றப் போகிறாய் என்றால், இதுவரை வாயைத் திறக்காமலே காரியம் நடந்துகொண்டிருந்த யாராவது அதனால் வாயைத் திறந்து கேட்க வேண்டிவருமா என்று முதலில் பார். கைடில் அதற்குக் கட்டம் கிடையாது, மார்க்கும் கிடையாது. அதைப் பார்க்காமல் நான் வாய் திறக்கவைத்தது ஒரு பதினாலு வயசுப் பெண்ணை, ஒரு ஹால் நிறைய ஜனங்களுக்கு முன்னால். அவர்கள் கைதட்டினார்கள். நானும்தான் தட்டினேன்.